ஊசித்தலையில் காசு வைக்காதீர்கள்

எங்கள் தாத்தா வீட்டு ரெக்கார்டு பிளேயரின் தலையில் எப்போதும் ஒரு காசு ஒட்டியிருக்கும். கீறல் விழுந்த தட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது அதற்கு அதுதான் வைத்தியம். பாட்டு நகர்ந்துவிடும், தட்டும் சேர்ந்து தேயும்.

இன்றைய சாதாரண கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) ஊசிக்கு வேண்டிய பாரம் ஏறக்குறைய 2 கிராம். இப்போது புழங்கும் ஒரு ரூபாய்க் காசோ, எந்த வருடத்தது என்பதைப் பொறுத்து 3 முதல் 5 கிராம் வரை இருக்கும். பாரம் கூடுகிறதே என்று பயந்து ரொம்பக் குறைப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். பிடிமானம் இல்லாத ஊசி பள்ளத்துக்குள் குதித்துக் குதித்து இரண்டு பக்கச் சுவரையும் கொத்திவிடும். பாட்டில் 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரக்கும்.

சரி, 2 கிராமை எப்படி வைப்பது? கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பின்னால் ஒரு உருளை எடை இருக்கும். ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஊசி தட்டின் நடுப்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) 0-வில் வைத்து, ஊசி மூடியைக் கழற்றிவிட்டு, அந்த எடையை மெதுவாகத் திருகுங்கள். சமநிலைக்கு வந்த தராசு போல ஆர்ம் எந்தப் பக்கமும் சாயாமல் அந்தரத்தில் மிதக்க வேண்டும். அப்போது எடையின் மேலுள்ள எண் வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்பி, பிறகு எடையோடு சேர்த்து 2 வரும்வரை திருப்புங்கள். ஆன்டி-ஸ்கேட்டிங்கிலும் அதே எண். கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர்கள் 2 இல்லாமல் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர்கள் சொல்வதே சரி. பிளேயர் நிற்கும் மேசை மட்டமாக இருக்கிறதா என்பதையும் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்பீக்கர்களை அதே மேசையில் வைக்க வேண்டாம். அந்த அதிர்வு ஊசி வழியாகத் திரும்பவும் பாட்டுக்குள் ஏறிவிடும்.

"புது செட்டு, ஆனா சத்தமே சன்னமா வருது, பேஸ் சுத்தமா இல்லை" என்று புலம்புகிறவர்களின் பிளேயரில் பெரும்பாலும் கோளாறு இருக்காது, ஒயர் மாறியிருக்கும். தட்டு வெட்டும்போதே பேஸைக் (கனத்த ஒலி) குறைத்து, ட்ரெபிளைக் (கீச்சொலி) கூட்டித்தான் பதிவார்கள். பேஸை முழுசாகப் பதிந்தால் பள்ளம் அகலமாக ஆடி இடத்தைத் தின்றுவிடும். ட்ரெபிளைக் கூட்டுவது, தட்டின் உரசல் சத்தத்தை அமுக்க. அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954-இல் கொண்டுவந்த அளவுதான் பிறகு எல்லா எல்.பி.க்கும் (நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு) பொதுவாயிற்று. இந்தக் கணக்கை நேராக்கி, ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டைப் பெரிதாக்குவது போனோ ப்ரீஆம்ப்பின் வேலை. அது இல்லாமல் நேரே ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் என்ற சாதாரண துளையில் செருகினால் கொசு பாடுவது போலத்தான் கேட்கும். பிளேயரிலும் ஒன்று, ஆம்ப்ளிஃபையரிலும் ஒன்று என்று இரண்டு தடவை போட்டாலோ, காது கிழியும். 'ம்ம்ம்' என்று ஓயாமல் இரைந்தால் கிரவுண்ட் ஒயர் தொங்குகிறதா என்று பாருங்கள்.

பரணிலிருந்து இறங்கும் 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகள்) தனி ஜாதி. அவை அரக்குக் கலவை. பள்ளமும் எல்.பி.யைவிட நிறையவே அகலம். எல்.பி. ஊசி அதன் அடியில் கிடந்து தூசியைத்தான் சுரண்டும், தனி ஊசி வேண்டும். எல்.பி.யைத் துடைக்கும் ஆல்கஹால் கலந்த திரவம் இதில் பட்டால் அரக்கு கரைந்துவிடும். அழகுக்கு வாங்கிய குழல் கிராமபோனில் எல்.பி. போட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதன் இரும்பு ஊசி ஒரே ஓட்டத்தில் பள்ளத்தை உழுதுவிடும்.

அப்புறம், தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். பழைய கடையில் வாங்கியதை மே மாத வெயிலில் காரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அப்பளமாய் நெளிந்து கிடக்கும்.