ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ்களை அடுக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், நாடு, மூலப்பொருள், பயன்பாடு. அட்ஜெக்டிவ்கள், அதாவது பெயர்ச்சொல்லை வர்ணிக்கும் சொற்கள், இந்த வரிசையில்தான் வர வேண்டும் என்று இலக்கணப் புத்தகங்கள் பட்டியல் போட்டிருக்கும். இதை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பேச்சு வேகத்தில் யாராலும் எட்டு கட்டங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க முடியாது.

பாதி வரிசை நமக்கு ஏற்கெனவே தெரியும். 'அழகான சிவப்புப் பட்டுப்புடவை' என்றுதான் சொல்வோம், 'பட்டு சிவப்பு அழகான புடவை' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியேதான்: 'எ பியூட்டிஃபுல் ரெட் சில்க் சாரி'. தமிழ் கொஞ்சம் தாராளமாக விட்டுவிடும் இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறோம். பெரிய பழைய வீடு, பழைய பெரிய வீடு, நமக்கு இரண்டும் சரி. ஆங்கிலத்தில் அளவு முதலில், வயது அப்புறம், அதனால் 'எ பிக் ஓல்டு ஹவுஸ்'. அதேபோல 'இத்தாலியக் கறுப்புத் தோல் ஷூ' என்றால் நம் காதுக்கு உறுத்தாது, ஆனால் ஆங்கிலத்தில் நிறம்தான் நாட்டை முந்தும்: 'பிளாக் இத்தாலியன் லெதர் ஷூஸ்'.

ஒருவர் வீட்டு மேசையை விற்க 'வுட்டன் ஓல்டு லார்ஜ் டைனிங் டேபிள்' என்று விளம்பரம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பின்னாலிருந்து சரிசெய்வதுதான் சுலபம். 'டைனிங்' அந்த மேசை எதற்கு என்று சொல்வதால் அதை 'டேபிள்' பக்கத்திலிருந்து நகர்த்தவே கூடாது, அதற்கு முன்னால் எதனால் செய்தது, அதற்கும் முன்னால் எவ்வளவு பழசு, கடைசியாக எவ்வளவு பெரிசு என்று வைத்துக்கொண்டே வந்தால் 'எ லார்ஜ் ஓல்டு வுட்டன் டைனிங் டேபிள்' வந்துவிடும். பொருளோடு பிரிக்க முடியாமல் ஒட்டிய குணம் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில், பார்ப்பவரின் அபிப்பிராயம் தூரத்தில். இதற்கு மேலும் அடுக்கத் தோன்றினால் தயவுசெய்து இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுங்கள்.

'அண்ட்' போடுவதிலும் குழப்பம் உண்டு. இரண்டு நிறம் வந்தால் வேண்டும், 'எ பிளாக் அண்ட் ஒயிட் கேட்'. அளவும் நிறமும் சேர்ந்து வந்தால் வேண்டாம், 'எ பிக் ரெட் பஸ்' போதும்.

'ஃபைவ் இயர்ஸ் ஓல்டு பாய்' தப்பு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'இயர்' ஒருமைதான்: 'எ ஃபைவ் இயர் ஓல்டு பாய்'. 'த பாய் ஈஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்டு' என்று பின்னால் வந்தால் பன்மை சரி.

வேலைக்கான நேர்காணலில் 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்று சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஆர்வத்தோடு வந்தவர் அதையே சொல்ல முடியாமல் போகிறது. உணர்பவருக்கு 'இன்ட்ரஸ்டட்', உணர்வைத் தூண்டுவதற்கு 'இன்ட்ரஸ்டிங்'. 'ஐ ஆம் போரிங்' என்றால் உங்களோடு பேசினால் அலுப்புத் தட்டும் என்று அர்த்தம். நீங்கள் சொல்ல நினைத்தது 'ஐ ஆம் போர்டு'.

அப்புறம் 'ஸ்மால் ஸ்மால் டவுட்ஸ்'. தமிழில் சின்னச் சின்ன சந்தேகம் என்று அடுக்கலாம், ஆங்கிலத்தில் 'எ ஃபியூ ஸ்மால் டவுட்ஸ்' என்றுதான் வரும். 'மோர் பெட்டர்' வேண்டவே வேண்டாம், அழுத்திச் சொல்ல 'மச் பெட்டர்' இருக்கிறது.