ஆன்லைன் கோர்ஸ் வீடியோ: குரலையும் திரையையும் ஒன்றாகப் பதியாதீர்கள்

சாஃப்ட்வேர் சொல்லித்தரும் கோர்ஸ் எடுக்க உட்காருபவர்களில் பலர் முதல் பாடத்திலேயே செய்யும் தவறு, திரைப் பதிவை ஆன் செய்துவிட்டு மவுஸை நகர்த்திக்கொண்டே வாய்க்கு வந்தபடி விளக்கத் தொடங்குவது. நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கை மெனுவைத் தேடும்போது வாய் "ம்ம்... இங்கதான் இருக்கும்" என்று இழுக்கும், வாய் தடுமாறினால் கை நின்றுவிடும், ஒரே ஒரு சொல் தப்பினாலும் அந்தக் காட்சி முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் பிரித்துவிடுங்கள். முதலில் எழுதுங்கள், அப்புறம் குரலைப் பதியுங்கள், கடைசியில் அந்தக் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே திரையை எடுங்கள்.

இப்படிச் செய்தால், சில மாதம் கழித்து அந்த சாஃப்ட்வேரில் ஒரு பட்டன் இடம் மாறினாலும் அந்தத் துண்டுத் திரைப் பதிவை மட்டும் மாற்றினால் போதும், குரலைத் தொட வேண்டாம். திரையைப் பதியும்போது லேப்டாப் சூடாகி அதன் ஃபேன் இரையும். அந்த இரைச்சலும் மைக்கில் ஏறாது. கோடிங் பாடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே நீங்கள் யோசிக்கும் விதமே பாடம் என்பதால் நேரடியாகப் பேசுவதுதான் சரி.

சாஃப்ட்வேர் சொல்லித்தரும் வீடியோக்களை எடுக்கும், ஐ.ஐ.டி. பம்பாயில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் ஸ்கிரிப்ட்டை அட்டவணையாக எழுதுகிறார்கள். ஒரு பக்கம் திரையில் என்ன தெரிய வேண்டும், மறுபக்கம் அப்போது என்ன பேச வேண்டும். பேச்சு தனியாக எழுதப்பட்டிருப்பதால்தான் அதே பாடத்துக்குத் தமிழ் உட்படப் பல மொழிகளில் அவர்களால் குரல் கொடுக்க முடிகிறது. நீங்கள் ஒரே மொழியில் எடுத்தாலும் இந்த அட்டவணை ஸ்கிரிப்ட் உதவும்.

ஸ்கிரிப்ட்டைப் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். "இப்பொத்தானைச் சொடுக்கவும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருபவர் யாரும் சொல்வதில்லை, "இந்த பட்டனை கிளிக் பண்ணுங்க" என்றுதான் சொல்வார். எழுத்துத் தமிழில் எழுதிவைத்துப் படித்தால் எவ்வளவு நல்ல பாடமும் செய்தி வாசிப்பாகிவிடும். அதேபோல, தெளிவாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவதும் வேண்டாம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் 4 பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-ல் வெளிவந்த ஆய்வில், ஓரளவு வேகமாக, உற்சாகத்தோடு பேசிய ஆசிரியர்களின் வீடியோக்களைத்தான் மாணவர்கள் கூடுதலாகப் பார்த்திருந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. எனவே 40 நிமிடப் பாடத்தை உடைத்துவிடுங்கள்.

அடுத்தது அறை. விலை உயர்ந்த மைக்கை வாங்கிவிட்டு டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கான்கிரீட் கூரையுமான அறையில் உட்கார்ந்தால் அந்த மைக் எதிரொலியை இன்னும் நன்றாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆடாசிட்டி போன்ற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் இருக்கும் நாய்ஸ் ரிடக்ஷன், ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் குறைக்கும். எதிரொலி என்பது உங்கள் குரலே சுவரில் பட்டுத் திரும்புவது, அதை இது பிரித்தெடுக்காது. வலுக்கட்டாயமாக அளவைக் கூட்டினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் குரல் குழம்பும். மைக் வாங்கும் காசில் கொஞ்சத்தை முதலில் அறைக்குச் செலவிடுங்கள் என்பேன், பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. சுவரில் சாய்த்த மெத்தை, தரையில் ஜமக்காளம், முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்ட கம்பளி, அல்லது துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பேசுவது என வீட்டில் இருப்பதே போதும்.

சீலிங் ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். நம் ஊர் வெயிலில் இது சுலபமில்லை, அதனால் 5 நிமிடத் துண்டுகளாகப் பதிந்துவிட்டு நடுவில் ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள். அதிகாலையில் பதிந்தால் குக்கர் விசில், ஹாரன் எல்லாமே குறைவு. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 5 வினாடி பேசாமல் இருங்கள், நாய்ஸ் ரிடக்ஷனுக்கு அந்த வெற்று ஒலிதான் மாதிரி.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் "ப்ராஜெக்ட்", "பேஸ்ட்" என்னும்போதெல்லாம் காற்று மோதி டப் டப் என்று கேட்கும். பதிவாகும் குரலின் உச்ச அளவு மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். 0-வைத் தொட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும், அதை எடிட்டிங்கில் முழுதாக மீட்க முடியாது. ப்ளூடூத் இயர்போனின் மைக் வேண்டவே வேண்டாம். மைக் ஆன் ஆனதும் அது போன் பேசும் முறைக்கு மாறிவிடும், சாம்பிள் ரேட், அதாவது ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வீடியோவுக்கு வழக்கம் 48. சாதாரண வயர் ஹெட்செட்டே அதைவிட மேல்.

தடுமாறினால் பதிவை நிறுத்தாதீர்கள். ஒரு கைதட்டு தட்டிவிட்டு, தப்பிய சொல்லை மட்டும் அல்லாமல் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். ஒலி அலையில் அந்தத் தட்டு ஊசியாக நிற்கும், வெட்ட வேண்டிய இடம் கண்ணுக்கே தெரியும்.

திரையில் பெரிய தவறு சின்ன எழுத்து. உங்கள் 24 அங்குல மானிட்டரில் தெளிவாகத் தெரியும் எக்செல் கட்டம், பஸ்ஸில் போனில் பார்ப்பவருக்கு எறும்பு வரிசைதான். 1920×1080-ல் வைத்து, எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் விண்டோஸ் ஸ்கேலிங்கை 125 அல்லது 150 சதவீதமாக்கி, பிரவுசரையும் பெரிதாக்கிவிட்டுப் பதியுங்கள். மவுஸை வட்டமடிக்காதீர்கள், காட்ட வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

பதிவுக்கென்று தனி பிரவுசர் புரொஃபைல் ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் முகவரிப் பட்டியில் ஓர் எழுத்து தட்டியதும் உங்கள் பழைய தேடல்கள் விரியும், படிவத்தில் சொந்த போன் நம்பர் தானாக நிரம்பும், வாட்ஸ்அப் வெப் மூலையில் யாரோ அனுப்பிய செய்தியைக் காட்டும். கோர்ஸ் வெளியான பிறகு மாணவர் ஒருவர் சொல்லித்தான் இது தெரியவரும் என்றால் ரொம்பத் தாமதம்.

கடைசியாக, திரையைப் பதியும் சாஃப்ட்வேரான ஓ.பி.எஸ்ஸில் சாதாரண எம்.பி.4 ஆகப் பதியும்போது நடுவில் கரண்ட் போனால் ஃபைல் திறக்காமலே போகலாம். எம்.கே.வி.யில் பதிந்தால் அதுவரை எடுத்தது தப்பிக்கும். முடித்ததும் ஃபைல் மெனுவில் இருக்கும் ரீமக்ஸ் வழியாக, தரம் குறையாமல் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.