தமிழ் ஆவணங்களை வரைபடமாக்கித் தேடும்போது தவிர்க்க வேண்டியவை

ஆயிரக்கணக்கான ஆவணங்களைத் திரையில் புள்ளிகளாகப் பரப்பி, ஒத்த பொருளுள்ளவை அருகருகே நிற்கும்படி வரைவது இன்று ஒரு மடிக்கணினியிலேயே முடிகிற வேலை. புதிதாக இறங்குபவர்கள் நிறத்தையும் எழுத்துருவையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். படத்துக்கு அடிப்படையாக, ஆவணங்களிலிருந்து நிரல் பிரித்தெடுத்த சொற்பட்டியலை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சொல் பிரிக்கும் விதியை அப்படியே விடுவது

பைத்தான் நிரல்மொழியின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில், ஆவணங்களைச் சொற்களாகப் பிரித்து எண்களாக்கும் கருவி டிஎஃப்-ஐடிஎஃப் வெக்டரைசர். இயல்பாக அதற்கு, இடைவிடாமல் இரண்டு எழுத்தாவது சேர்ந்து வந்தால்தான் அது சொல். ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழின் புள்ளி, கால், கொம்பு, கொக்கி எல்லாம் யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் உலகத் தரம்) எழுத்து வகையில் இல்லை, சேர்க்கைக் குறி வகையில் இருக்கின்றன. பைத்தானின் ரீஜெக்ஸ் (எழுத்துத் தொடர்களைப் பொருத்திப் பார்க்கும் விதிமொழி) அவற்றை எழுத்தாக எண்ணாது. குறி வரும் இடமெல்லாம் சொல் வெட்டுப்படும். தனியே மிஞ்சும் ஒற்றை எழுத்து கழிந்துபோகும்.

'பள்ளி' வெறும் 'பள' ஆகிறது. 'பள்ளம்' 'பள', 'ளம' என இரண்டாக உடைகிறது. பள்ளிக்கூடச் செய்தியும் சாலைப் பள்ளச் செய்தியும் படத்தில் ஒன்றையொன்று இழுப்பது இதனால்தான். 'நீதிமன்றம்' என்பதில் 'மன', 'றம' மிஞ்சும். 'மன்னன்' என்பதில் 'மன', 'னன'. 'நீதி', 'நிதி' இரண்டும் சுவடே இல்லாமல் போய்விடும்.

எரிச்சலூட்டுவது என்னவென்றால், எந்தப் பிழைச் செய்தியும் வராது. படம் கொத்துக் கொத்தாக அழகாகவே வரும். கொத்துகள் பொருந்தவில்லை என்றதும் அளவுருக்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள்; நாட்கள் வீணாகின்றன. அதைவிட மோசம், அந்தப் பட்டியலை நம்பி 'நீதி' என்று தேடுபவர், தொகுப்பில் அப்படி ஓர் ஆவணமே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

வரைவதற்கு முன் சொற்பட்டியலில் நூறு சொற்களை அச்சிட்டுக் கண்ணால் படியுங்கள். புள்ளியோ கொம்போ உள்ள சொல் ஒன்றுகூட இல்லையென்றால் விதி உடைந்திருக்கிறது. வெக்டரைசரின் டோக்கன் பேட்டர்னை, அதாவது சொல் பிரிக்கும் விதியை மாற்றி, யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களுக்குள் தொடர்ந்து வருவதெல்லாம் ஒரே சொல் என்று எழுதுங்கள். ஆங்கிலச் சொற்களும் எண்களும் தேவையென்றால் அவற்றையும் சேருங்கள். பிறகு வெக்டர் (ஆவணத்தின் எண் வடிவம்), படம், கொத்துப் பெயர்கள் அனைத்தையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஆவணங்களைக் கொத்தாக்கிப் பெயரிடும் பெர்ட்டாபிக் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களும் தப்பவில்லை: அங்கே கொத்துகள் சரியாக விழலாம், ஆனால் பெயர் வைக்கும் வேலையை இயல்பாக இதே குடும்பத்தில் சொற்களை எண்ணும் கவுண்ட் வெக்டரைசர்தான் செய்கிறது.

'வீட்டில்', 'வீட்டிலிருந்து' இரண்டும் வேறு சொற்களாக நிற்பது அடுத்த சிக்கல். சொல்லுக்குள்ளேயே எழுத்தும் குறியுமாக 3 முதல் 5 கொண்ட துண்டுகளாக எடுத்தால் இரண்டுக்கும் பொதுவான துண்டுகள் கிடைக்கும். அதே வெக்டரைசரில் அந்த வசதி உண்டு.

ஒரே எழுத்து, இரண்டு குறியீடு

'கொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குத் தெரியும். ஆவணம், தேடுசொல் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள்.

கொத்துகளுக்கு இடையே தூரம் அளப்பது

ஆவணங்களின் எண்களை இருபரிமாணப் புள்ளிகளாக்கும் முறைகள் டி-ஸ்னீ, யூமேப். டி-ஸ்னீ படத்தில் கொத்தின் பரப்பும், தொலைவில் நிற்கும் இரு கொத்துகளின் இடைவெளியும் நம்பத்தக்கவை அல்ல. யூமேப்பிலும் எச்சரிக்கை வேண்டும். அண்டை ஆவணங்களை மட்டும் நம்புங்கள். ரேண்டம் சீடை (தற்செயல் தேர்வுகள் தொடங்கும் எண்) குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் நேற்று இடப்புறம் இருந்த கொத்து இன்று வலப்புறம் போய்விடும், பயனர் வழி தவறுவார்.

தேடியதும் மற்றவற்றை மறைப்பது

மறைக்காதீர்கள், மங்கலாக்குங்கள். பக்கத்தில் தலைப்பும் தேதியும் கொண்ட பட்டியல் கட்டாயம் இருக்கட்டும்.

முப்பரிமாணம்

வேண்டாம். முன்னே நிற்கும் புள்ளி பின்னே இருப்பதை மறைக்கும்.

சொல்மேகம்

அடிக்கடி வரும் சொற்களைப் பெரிதாகக் காட்டும் படம் இது. தமிழ் எழுத்துருவைக் கொடுக்காவிட்டால் கட்டங்கள்தான் வரும். கொடுத்தாலும், பைத்தானில் படம் வரையும் பில்லோவில், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் நூலகம் இல்லையென்றால் 'தென்னை'யின் கொம்பு தகரத்துக்குப் பின்னே போய் நிற்கும். அந்த ஒரு சொல்லை வரைந்து பார்த்துவிட்டு மீதியை ஓட்டுங்கள்.