பயந்த மீனுக்குப் பெரிய தொட்டி: பிரானா வளர்க்கும் முறை

லண்டனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு சிவப்பு வயிற்றுப் பிரானாக்கள் வளர்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் "கையை விட்டால் கடித்துவிடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டே அவர்கள் கண்ணாடியை நெருங்குவதற்குள் ஆறும் மரக்கட்டைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துவிடும். இது பயந்த சுபாவமுள்ள மீன். அமேசானில் நீர்க்காகம், கெய்மன் முதலை, ஆற்று டால்ஃபின் எல்லாவற்றுக்கும் இது இரை. அங்கே அது கூட்டமாகத் திரிவது பெரும்பாலும் உயிருக்குப் பயந்துதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறை தானாகப் புரியும்.

முதலில் சட்டம். பிரிட்டனில் வளர்க்கலாம். சிங்கப்பூரிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் தடை. நீங்கள் இருக்கும் ஊரில் விசாரித்துவிட்டே இறங்குங்கள். இந்தியாவில் நம் ஊர்க் கடைகளில் பிரானா என்று சொல்லி விற்பது பெரும்பாலும் ரூப்சந்த் எனப்படும் பாக்கு (pacu) மீன். குஞ்சில் இரண்டுக்கும் வயிறு சிவப்புதான். வாயைப் பாருங்கள். பிரானாவுக்குக் கீழ்த்தாடை முன்னே துருத்தியிருக்கும், பல் முக்கோணமாகக் கூராக இருக்கும். பாக்குவின் பல் நம் கடைவாய்ப்பல் போலத் தட்டையாக இருக்கும்.

தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கிட்டத்தட்ட 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ வரும் என்பதால் மாடியில் மரத்தரை மேல் வைக்காமல் கீழ்த்தளத்துக் கான்கிரீட் தரையில் வைத்தேன். இரண்டு அங்குலக் குஞ்சைப் பார்த்துவிட்டுச் சின்னத் தொட்டி போதும் என்று நினைத்துவிடாதீர்கள், ஓர் அடி நீளம் வரை வளரக்கூடியது. மீன் வாங்குவதற்கு ஐந்து வாரம் முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே குஞ்சுகளை விட்டேன். அவசரப்பட்டால் இந்த இடத்தில்தான் மீன் சாகும். வெப்பம் 26 டிகிரி. ஹீட்டருக்குக் கட்டாயம் கூண்டு போடுங்கள், மிரண்டு பாயும்போது மோதி உடைத்துவிடும்.

எத்தனை வாங்குவது? இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். முதலில் மூன்றுதான் வாங்கினேன். பத்தே நாளில் பெரியது சின்னதின் வாலைப் பாதிக்கு மேல் கடித்துவிட்டது. ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்து, தண்ணீரைச் சுத்தமாகப் பார்த்துக்கொண்டேன். வெட்டுப்பட்ட ஓரத்தில் கண்ணாடி போல மெல்லிய சவ்வு கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாக வால் முழுதாக வளர்ந்தது. அப்புறம் அதே அளவில் இன்னும் மூன்றைச் சேர்த்து, கட்டைகளையும் இடம் மாற்றி வைத்தேன். சண்டை ஆறு மீனுக்கும் பிரிந்துபோய் அடங்கியது. ஒரே அளவில், ஒரே நாளில், குறைந்தது ஐந்தாறு வாங்குவதே நல்லது.

விளக்கு மங்கலாக இருக்கட்டும். பெரிய மரக்கட்டை, மேலே மிதக்கும் செடி இருந்தால் மீன் தைரியமாக வெளியே வரும்.

சாப்பாட்டுக்கு இறால், சிப்பிச் சதை, வெள்ளை மீன் துண்டு, பெல்லட் எனும் உருண்டைத் தீவனம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சில மீன்களில் உள்ள தையமினேஸ் நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், அதனால் ஒரே மீனைத் தொடர்ந்து போடக்கூடாது. மாட்டிறைச்சி, கோழி வேண்டாம், அந்தக் கொழுப்பு இதற்கு ஒத்துக்கொள்ளாது. உயிருள்ள தங்கமீனைப் போட்டு வேடிக்கை பார்ப்பதை நான் அடியோடு வெறுக்கிறேன், நோய் வருவதும் அந்த வழியில்தான். குஞ்சுக்குத் தினம் இரண்டு வேளை, வளர்ந்ததற்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை. பத்து நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். கை உள்ளே இருக்கும்போது ஆறும் எங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொள்வேன். கையில் காயம் இருந்தால் அன்று தொடுவதில்லை.

இடம் மாற்றும்போது வலை உதவாது, கடித்துக் கிழித்துவிடும். மூடியோடு கூடிய கனமான பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மெதுவாக உள்ளே ஓட்டி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள். பிடிபட்டால் சின்ன முரசு போல டொக் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். காற்றுப்பையை ஒட்டிய தசையைத் துடிக்கவிட்டு மீன் எழுப்பும் சத்தம் அது. கேட்டதும் டப்பா மேல் இருண்ட துணியைப் போர்த்திவிடுங்கள், சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.