லாபியிஸ்ட் யாருக்கு எவ்ளோ தேர்தல் நிதி குடுத்தாருன்னு நீங்களே தேடிப் பாக்குறது எப்படி

அமெரிக்காவுல லாபியிஸ்ட்டுங்க (காசு வாங்கிட்டு கம்பெனிங்களுக்காக அரசாங்கத்துகிட்ட பேசுறவங்க) அரசியல்வாதிக்கு தேர்தல் நிதி குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, ஃபெடரல் லெவல்ல அப்படி ஒண்ணுமே கிடையாது. நீங்க நான் குடுக்குற அதே லிமிட்ல அவரும் தாராளமா குடுக்கலாம். சட்டம் கூடுதலா கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், குடுத்தத எழுதிக் குடுங்கன்னு. அதையும் ஒரே இடத்துல எழுத வெக்கல, வேற வேற ஆபீஸ், வேற வேற ஃபார்ம், வேற வேற தேதி. தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் சாதாரண பேப்பராத்தான் தெரியும், பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் விஷயம் வெளிய வரும்.

மொதல்ல ஆள புடிக்கணும். உங்களுக்கு ஹெச்1பி வேல விசா விவகாரத்துல யாரு லாபி பண்றாங்கன்னு தெரியணும்னு வெச்சுக்கோங்க. அமெரிக்க பார்லிமென்ட்டோட ரெண்டு சபை செனட், ஹவுஸ், அதோட அதிகாரிங்களான செனட் செகரட்டரியும் ஹவுஸ் கிளார்க்கும் நடத்துற லாபியிங் டிஸ்க்ளோஷர் சைட்டுக்கு போங்க, அதுல எல்டி-2ங்கிற ஃபார்ம் 3 மாசத்துக்கு ஒரு தடவ வரும் (ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 20 இதெல்லாம் கடைசி தேதி). இஷ்யூ கோடுல இமிக்ரேஷன் போட்டு தேடுங்க, பில் நம்பர் தெரிஞ்சா அதையும் போடுங்க. எந்த கம்பெனிக்காக, எந்த லாபியிங் ஃபர்ம், அதுல வேல செஞ்ச ஆளுங்க பேரு, தோராயமா எவ்ளோ காசு, எல்லாம் இருக்கும். ஆனா எந்த எம்பிய போய் பாத்தாங்கன்னு இருக்காது, "ஹவுஸ்", "செனட்"னு மொட்டையா போட்டு முடிச்சிருவாங்க. என்னக் கேட்டா இந்த மொத்த சிஸ்டத்துலயும் பெரிய ஓட்டை இது தான், ஏன்னா காசு யாருக்குப் போச்சுன்னு பேரோட தெரியும், பேச்சு யாருகிட்ட நடந்துச்சுன்னு தெரியாது. அதனால அந்த இஷ்யூவ கையாளுற கமிட்டில யாரு யாரு உக்காந்திருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் (இமிக்ரேஷன்னா ரெண்டு சபையிலயும் ஜுடிஷியரி கமிட்டி) எடுத்து பக்கத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவப்படும்.

ஆளுங்க பேரு கிடைச்சாச்சுன்னா அடுத்து எல்டி-203. இது அதே சைட்டுல தான் இருக்கு. ஜாக் ஆப்ரமாஃப்ங்கிற லாபியிஸ்ட்டோட ஊழல்ல நாடே நாறுன பிறகு 2007ல கொண்டுவந்த சட்டத்துல வந்த ஃபார்ம் இது. ஜூலை 30, ஜனவரி 30னு வருஷத்துக்கு 2 தடவ. ஃபர்ம் தனியா ஃபைல் பண்ணணும், ஒவ்வொரு லாபியிஸ்ட்டும் தன் பேருல தனியா ஃபைல் பண்ணணும், ஒரு பைசா குடுக்கலன்னாலும் குடுக்கலன்னு ஃபைல் பண்ணணும். அந்த 6 மாசத்துல ஒரு வேட்பாளருக்கோ கட்சிக்கோ லீடர்ஷிப் பேக்குக்கோ (எம்பி மத்த வேட்பாளருக்கு குடுக்க நடத்துற தனி நிதி கமிட்டி) கூட்டிப் பாத்தா 200 டாலரோ அதுக்கு மேலயோ போயிருந்தா அதுல வரணும். எம்பிய கௌரவிக்கிற விழாவுக்கு குடுத்தது, பதவியேற்பு விழா கமிட்டிக்கு குடுத்தது, பிரசிடென்ட் லைப்ரரிக்கு குடுத்தது கூட இதுல தான் வரும், இதெல்லாம் தேர்தல் நிதியே கிடையாது, இதுல சிலது வேற எங்கயும் இவ்ளோ ஈஸியா சிக்காது. நெறைய பேர் இந்த பகுதிய கண்டுக்கறதே இல்ல, நீங்க விடாதீங்க.

இப்போ மூணாவது இடம், எஃப்இசி அதாவது ஃபெடரல் தேர்தல் கமிஷன் சைட். இங்க காசு வாங்குன கமிட்டிங்க ஃபைல் பண்றாங்க, குடுத்தவங்க இல்ல. இண்டிவிஜுவல் காண்ட்ரிபியூஷன்ஸ்ல போய் லாபியிஸ்ட் பேரு போட்டு தேடுங்க, பேரு ஒரே மாதிரி இருக்கவே இருக்காது, நடு இனிஷியல் ஒரு தடவ இருக்கும் ஒரு தடவ இருக்காது, செல்லப் பேரு இருக்கும், அதனால எம்ப்ளாயர் பேரு போட்டும் தனியா ஒரு தடவ தேடுங்க. வேலைங்கிற இடத்துல லாபியிஸ்ட்னு போடுறவங்க கம்மி தான், அட்டர்னி, கன்சல்டன்ட், கவர்ன்மென்ட் ரிலேஷன்ஸ் இப்படித்தான் இருக்கும். வீட்டுக்காரர் வீட்டுக்காரம்மா பேருல குடுத்தது எல்டி-203ல வராது, எஃப்இசில மட்டும் தான் வரும். அவங்களுக்குன்னு தனி லிமிட் இருக்கு, குடுக்கறதும் சட்டப்படி சரி தான். ஆனா ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு ஒரே தொகை குடுத்திருந்தா நோட் பண்ணி வெச்சுக்கோங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. ஆக்ட்ப்ளூ, வின்ரெட்ங்கிற ஆன்லைன் நன்கொடை சைட்டுங்க வழியா குடுத்த காசு அவங்க ரிப்போர்ட்லயும் வரும், வேட்பாளர் ரிப்போர்ட்லயும் வரும். ஜாயின்ட் ஃபண்ட்ரெய்சிங் கமிட்டில (பல வேட்பாளர், கட்சி சேந்து வசூல் பண்ற கமிட்டி) போட்ட செக்கும் இப்படித்தான், அங்க ஒரு தடவ, பிரிச்சு குடுத்த இடத்துல மெமோன்னு போட்டு இன்னொரு தடவ. கண்ண மூடிட்டு கூட்டுனீங்கன்னா டபுளா வந்துரும், அப்புறம் நீங்க போட்ட போஸ்ட்ட வெச்சே உங்கள வறுத்தெடுப்பாங்க.

லிமிட் கணக்கு தெரிஞ்சிருக்கணும். 2025-26 சைக்கிள்ல ஒருத்தர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர், பிரைமரி (கட்சி வேட்பாளர தேர்ந்தெடுக்குற தேர்தல்) ஒண்ணு ஜெனரல் ஒண்ணுன்னு எண்ணுவாங்க, ஆக 7,000. அதே எம்பி நடத்துற லீடர்ஷிப் பேக்குக்கு வருஷத்துக்கு 5,000, ரெண்டு வருஷத்துக்கு 10,000. ஆக ஒரே எம்பிய சுத்தி ஒருத்தர் மட்டும் 17,000 டாலர் சட்டத்த மீறாம குடுக்கலாம், துணைவியாரும் சேந்தா 34,000. இதே மாதிரி எத்தன எம்பிக்கு வேணா குடுக்கலாம், முன்னாடி எல்லாத்துக்கும் சேத்து ஒரு மொத்த உச்சவரம்பு இருந்துச்சு (2013-14ல 1,23,200 டாலர்), 2014ல சுப்ரீம் கோர்ட் மெக்கட்சன் கேஸ்ல அத தூக்கிருச்சு.

சொந்தக் காசு குடுக்கறத விட அடுத்தவங்ககிட்ட வசூல் பண்ணி குடுக்கறதுல தான் லாபியிஸ்ட்டுக்கு பவர் ஜாஸ்தி, அதுக்கு பண்ட்லிங்னு பேரு. இதுக்கு எஃப்இசில 3எல்னு தனி ஃபார்ம். கமிட்டி தான் ஃபைல் பண்ணணும், 6 மாசத்துல ஒரு லாபியிஸ்ட் வசூல் பண்ணது ஒரு அளவத் தாண்டுனா தான். 2007 சட்டத்துல அந்த அளவு 15,000 டாலர், விலைவாசிக்கு ஏத்தபடி ஏறி இப்போ 20,000த்த தாண்டிருச்சு. ஆனா அவர் கையால வாங்கிக் குடுத்திருக்கணும், இல்லன்னா இது இவரால வந்த காசுன்னு கமிட்டி எங்கயாவது கணக்கு வெச்சிருக்கணும். கணக்கே வெக்கலன்னா? ஃபார்மும் இல்ல. அதனால 3எல்ல ஒண்ணும் வரலன்னா வசூலே நடக்கலன்னு முடிவு பண்ணிராதீங்க.

இப்போ எல்டி-203யும் எஃப்இசி லிஸ்ட்டையும் ஒரு ஷீட்ல பக்கத்துல பக்கத்துல போட்டு தேதி, தொகை, வாங்குனவர்னு ஒப்பிடுங்க, வாங்குனவர் மொதல்ல எடுத்த கமிட்டி லிஸ்ட்ல இருக்காரான்னும் பாருங்க. எஃப்இசில இருக்கு 203ல இல்லன்னா விட்டுட்டாங்கன்னு அர்த்தம் வரலாம் (ஜிஏஓங்கிற அரசாங்க தணிக்கை ஆபீசும் வருஷா வருஷம் சாம்பிள் எடுத்து இதே தான் பண்ணுது). ஆனா 203ல இருக்கு எஃப்இசில இல்லன்னா உடனே குதிக்காதீங்க, சரியா 200 டாலர் மட்டும் குடுத்தா 203ல வரும், எஃப்இசில பேரோட வர 200அ தாண்டணும்.

மாநிலம்னா கதையே வேற. கலிஃபோர்னியாவுல லாபியிஸ்ட் தான் எந்த ஏஜென்சிய லாபி பண்ண ரிஜிஸ்டர் ஆகியிருக்காரோ அந்தப் பதவிக்காரருக்கு குடுக்கவே கூடாது. அலாஸ்காவுல சட்டசபை வேட்பாளர்கள்ல தான் ஓட்டுப் போடுற தொகுதி வேட்பாளருக்கு மட்டும் குடுக்கலாம். நார்த் கரோலினா தடைய 2011ல அப்பீல் கோர்ட் செல்லும்னுச்சு, கனெக்டிகட் தடைய அதுக்கு முந்தின வருஷம் வேற அப்பீல் கோர்ட் செல்லாதுன்னுச்சு. நியூயார்க் சிட்டில முழு தடை இல்ல, மேயர் வேட்பாளருக்கு 400 டாலரோட நிறுத்திட்டாங்க, அந்த காசுக்கு மேட்சிங் நிதியும் (சின்ன நன்கொடைக்கு சிட்டி தன் பங்கா சேத்துக் குடுக்குறது) கிடையாது. அதனால மாநில, சிட்டி எதிக்ஸ் சைட்ட தனியா பாருங்க.

தப்பு ஒண்ணு சிக்கிருச்சுன்னா 203 பத்தி செனட் செகரட்டரி, ஹவுஸ் கிளார்க் ஆபீசுக்கு எழுதலாம். அவங்க நோட்டீஸ் அனுப்புவாங்க, 60 நாள்ல சரி பண்ணலன்னா வாஷிங்டன் யு.எஸ். அட்டர்னிக்கு போகும், அபராதம் 2,00,000 டாலர் வரைக்கும் இருக்கு. எஃப்இசி புகார் கையெழுத்து போட்டு நோட்டரி பண்ணி அனுப்பணும், ஆனா அங்க 6 கமிஷனர்ல 4 ஓட்டு இல்லாம எதுவும் நகராது, 2025ல கோரமே (முடிவெடுக்கத் தேவையான ஆளுங்க) இல்லாம போயிருச்சு, அதனால அவசரம்னா ஷீட்ட ஒரு லோக்கல் ரிப்போர்ட்டர்கிட்ட குடுக்கறது வேகமா வேல செய்யும். ஒண்ணு மட்டும், எஃப்இசில எடுத்த பேரு அட்ரஸ வெச்சு யாருகிட்டயும் நன்கொடை கேக்கவோ வியாபாரம் பண்ணவோ கூடாது, அது சட்டப்படி தப்பு. இன்னொண்ணு, நீங்க ஹெச்1பில இருக்கீங்கன்னா தேடலாம், எழுதலாம், ஆனா உங்க எம்பிக்கு ஒரு டாலர் கூட குடுத்துராதீங்க, கிரீன் கார்டு வந்த பிறகு தான் அது.