வேனுக்குள் வீடு கட்டுகிறவர்கள் ஏற்காடு ஏறும்போது கண்டுபிடிக்கும் தவறுகள்

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மே மாதத்தில் தகரம் கொதிக்கிற ஊரிலிருந்து கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால், ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேட வைக்கும் ஏற்காடு வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். வேனையோ சின்ன லாரியையோ படுக்கை, அடுப்படி உள்ள கேம்பராக மாற்றுகிறவருக்கு இதைவிட நல்ல சோதனைக் களம் கிடையாது. ஆனால் எல்லாம் கட்டி முடித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் பலரும் மலை ஏறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏறினேன்.

என் முதல் தவறு ஆசாரியிடமே ஆரம்பித்தது. பழைய பள்ளி வேன் ஒன்றை வாங்கி, எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிகளைச் செய்தவரிடம் விட்டேன். "கனமா போட்டாத்தாங்க சார் ஆயுசுக்கும் நிக்கும்" என்று எல்லாவற்றுக்கும் 18 மி.மீ. பிளைவுட் போட்டார். வீட்டில் நிற்கும்தான். எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல். எனக்கு ஒன்பது ஷீட் பிடித்தது. சமையல் மேடைக்கு கிரானைட் வேறு. (சேலத்தில் கிரானைட் இல்லாத அடுப்படியா என்ற வீம்பு.)

பைபாஸ் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கினேன். ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 260 கிலோ. சீட்டு கொடுத்த பையன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னும் எத்தனை பேர் ஏறணுங்க?" என்றான். நாங்கள் நான்கு பேர். 150 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. கணக்கு அங்கேயே முடிந்துபோனது.

எவ்வளவு எடை என்பது பாதிதான். எங்கே எடை என்பது மீதி. தொட்டி, அடுப்படி, பேட்டரி எல்லாம் இடப்பக்கமே வந்துவிட்டதால் அந்தப் பக்கம் எடையைத் தாங்கும் கமான் பட்டை படிந்து கிடந்தது. மூன்றாவது வளைவில் வண்டி சாய்ந்து நிமிர்ந்தபோது, பாதி நிரம்பிய தொட்டிக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகப் போய் மோதுவது ஸ்டீயரிங்கில் தெரிந்தது. தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டியும் பேட்டரியும் தரையோடு தரையாக, இரண்டு அச்சுகளுக்கு நடுவே இருக்கட்டும். கூரை கேரியரில் தலையணை மாதிரி இலேசான சாமான் போதும். பாதி வேலையிலேயே எடைமேடைக்குப் போய் முன் சக்கரங்களைத் தனியாக, பின் சக்கரங்களைத் தனியாக, முடிந்தால் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அதற்கு ஆகும் காசு, பிளைவுட்டைக் கழற்றும் கூலிக்கு முன் ஒன்றுமே இல்லை.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகல் வாடை வரும். ஏறிய கியரிலேயே இறங்கினாலும், எடை மிஞ்சிய வண்டியை இன்ஜின் ஓரளவுக்குத்தான் பிடித்து நிறுத்தும்.

அடுத்தது காகித விஷயம். கூரையை வெட்டி ஜன்னல் வைத்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போவது தலைகீழ் வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று ஒரு வகையே இருக்கிறது. உங்கள் வண்டி அதற்குள் வருமா, என்னென்ன ஒப்புதல் வேண்டும் என்பதை கட்டர் தகரத்தில் படுவதற்கு முன்பே கேட்டு விடுங்கள். கூரையின் குறுக்குச் சட்டங்களை அறுப்பது சட்டம் அனுமதித்தாலும் அறிவு அனுமதிக்காத வேலை.

கரண்ட் விஷயத்தில் வீட்டு வயரிங் கணக்கு செல்லாது. வீட்டில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 166 ஆம்பியர், இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்தால் 180-ஐத் தாண்டும். வீட்டுக்கு இழுக்கும் ஒயர் அங்கே தோசைக்கல்தான். விரல் தடிமன் கேபிள், அதன் முனையில் அழுத்திப் பொருத்திய லக், பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். ஃபியூஸைத் தள்ளி வைத்தால் இடையிலுள்ள கேபிள் உரசும்போது காப்பாற்ற ஆளில்லை. லித்தியம் பேட்டரியை, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரோடு நேரே இணைப்பதும் வேண்டாம். அது இழுக்கும் இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறிப் போகும். நடுவில் அந்த இழுப்பை அளவாக வைக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் இருக்கட்டும். அப்புறம், மலையில் சில்வர் ஓக் நிழலிலும் மூடுபனியிலும் நிற்கும்போது சோலார் பேனலின் மேல் எழுதிய வாட் கிடைக்காது.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை அவசியம். குளிருக்கு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு தூங்குவதை விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். மூடிய வேனில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும், அதற்கு வாடை கிடையாது.

ஈரம் நான் எதிர்பார்க்காதது. டிசம்பரில் ஏற்காட்டில் கரடியூர் பக்கம் ஒரு இரவு கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடிப் படுத்தோம். விடிகாலை என் நெற்றியில் சொட்டு விழுந்தது. மழை என்று நினைத்தேன். நான்கு பேர் விட்ட மூச்சு குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகியிருந்தது. பட்டறையில் வெயிலுக்கென்று தெர்மோகோலைச் சும்மா சொருகியிருந்தார்கள், பின்னால் இடைவெளி. மூன்று மாதம் கழித்துப் பலகையைக் கழற்றினால் தகரத்தில் துரு மாவாக உதிர்கிறது. இன்சுலேஷன் தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், ஈரம் குடிக்காத ஃபோமாக இருக்க வேண்டும். எதிரெதிராக இரண்டு ஜன்னலை விரற்கடை அளவாவது திறந்து வைக்க வேண்டும், குளிரடித்தாலும்.

இரண்டாவது வண்டிக்கு ஆசாரியைக் கூப்பிடவே இல்லை. இரண்டு மெத்தையை மட்டும் வெற்று வேனில் போட்டு ஏற்காடு மலையில் நாகலூர் வரை போனோம். அடுப்படி, கட்டில், தொட்டி எல்லாம் தரையில் சாக்பீஸ் கோடுகள். கட்டில் கோட்டில் படுத்துப் பார்த்த மனைவி, "இங்க காலை நீட்டினா அடுப்பு மேலதாங்க படும்" என்றாள். ஈரத் துணியால் அழித்துவிட்டு அடுப்பை ஒரு அடி முன்னால் வரைந்தேன்.