வார்டு சத்தத்தில் மர்மர் கேட்ட கதை

மருத்துவம் படித்தபோது மெடிசின் போஸ்டிங்கில் (பொது மருத்துவ வார்டுப் பயிற்சியில்) என்னை மிகவும் வாட்டியது மைட்ரல் ஸ்டெனோசிஸ் மர்மர், அதாவது இதயத்தின் மைட்ரல் வால்வு குறுகியிருந்தால் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் கூடுதல் ஓசை. அரசு மருத்துவமனை வார்டு எப்படி இருக்கும் என்று தெரியும்தானே: மின்விசிறி, ட்ராலி, அட்டெண்டர்களின் பேச்சு. அதற்கு நடுவே லப்-டப் மட்டும்தான் காதில் விழும்.

ஒரு பி.ஜி. (முதுநிலை மருத்துவம் படிக்கும்) அக்கா சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. அது தாழ்ந்த சுருதி ஒலி. ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான பக்கமான டயஃப்ரமை விட, கிண்ணம் போன்ற பெல் பக்கத்தில்தான் நன்றாகக் கேட்கும். பெல்லை அழுத்தினால் அடியில் தோல் இறுகி அதுவே டயஃப்ரம் போல ஆகிவிடும், ஒலி போய்விடும். அதனால் சும்மா தொட்டாற்போல் வைக்க வேண்டும். அப்புறம், "அம்மா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, மூச்சை வெளிய விட்டுட்டு கொஞ்சம் நிறுத்துங்க" என்று கேட்டுக்கொண்டு, நுனித்துடிப்பு (இதய நுனியின் துடிப்பு) தட்டுப்படும் இடத்திலேயே வைத்தேன். கழுத்து நாடியில் இன்னொரு கையின் விரல். நாடியோடு வருவது முதல் ஒலி, அதாவது லப். இரண்டாம் ஒலியான டப்புக்குப் பிறகு, அடுத்த துடிப்புக்கு முன்னால் அந்த உருளும் ஓசை! அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

நேரமும் முக்கியம். காலை ரவுண்ட்ஸ் கூட்டத்தில் முயலாமல், வார்டு அடங்கிய மாலையில் போங்கள். மூச்சு வாங்குபவர்களைத் திரும்பத் திரும்பப் புரட்டாதீர்கள். முடியவில்லை என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். அயோர்டிக் ரிகர்ஜிடேஷனுக்கு (அயோர்டிக் வால்வு வழியே ரத்தம் பின்னோக்கிக் கசிவதற்கு) மட்டும் முறை வேறு: உட்கார வைத்து, முன்னால் சாயச் சொல்லி, டயஃப்ரமை அழுத்தி வைத்துக் கேளுங்கள்.